இரண்டாம் பக்கத்தில் ஒரு வட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதுவும் பாதிதான் கிடைத்தது.

மார்ச் மாதம், வருமானக் கணக்குக் காட்டும் கடைசி வாரம். தகஒகா ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடியில் வரிசையில் நின்றிருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் ஓர் இயந்திர ஆலையில் படம் வரைகிறேன்; அதற்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மிச்ச இரண்டு நாள் கதை எழுதுகிறேன். அதற்கு நானே வந்து கணக்குக் காட்ட வேண்டும். உதவிக்கு உட்கார்ந்திருந்த பெண் என் தாளைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவில் ஒரு வட்டம். பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க குறி போடுங்க. 'நானே கட்டிக்கிறேன்'னு அர்த்தம். போடலைன்னா இந்த உபரி வருமானத்துக்கான ஊர் வரியும் நேரா உங்க கம்பெனிக்குப் போயிடும். சம்பளம் போடறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க."

"கண்டுபிடிச்சா?"

"இந்த வட்டத்தை விட்டுட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும். அவருக்கு—"

மணி அடித்தது. திரையில் அடுத்த எண். என்னைக் கையால் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டாள்.

அவருக்கு என்ன? வேலை போயிற்றா? கல்யாணம் ஆயிற்றா? அந்தக் கோட்டுக்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் நான்தான் இட்டுக்கட்டுகிறேன். வாசகரே, இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு என்மேல் கோபப்படக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "உறையைப் பிரித்தபோது ஃபுமியேயின் விரல்கள் நடுங்கின."

அடித்துவிட்டேன். பத்தொன்பது வருடமாகச் சம்பளப் பிரிவில் இருக்கும் நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு நகராட்சி உறையைப் பார்த்து விரல் நடுங்காது.

இரண்டாம் தொடக்கம்: "அட்டைப்பெட்டி ஆலையில் எல்லோரும் குஸகாபேயை நல்லவர் என்று நினைத்தார்கள். அது அவருக்கு வசதியாக—"

இதையும் அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகையில் வளர்ந்த கை. யாரையாவது நல்லவன் என்று எழுதிய உடனே அவன் சட்டைப் பையில் ஒரு கத்தியைச் செருகப் பார்க்கிறது.

மூன்றாவது, கொஞ்சம் தேறும்:

மே மாதம் பதினாறாம் தேதி நகராட்சியின் தடித்த உறை வந்தது. கிதாஹமா அட்டைப்பெட்டி ஆலையின் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அடுத்த ஒரு வருடத்துக்கு மாதாமாதம் எவ்வளவு ஊர் வரி பிடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இசொமுரா ஃபுமியே அதைப் பிரித்து, ஒவ்வொரு தொகையையும் கணினியில் ஏற்றுவாள். வேறு எவருக்கும் இதைவிட அலுப்பான வேலை கிடையாது. அவளுக்கு மட்டும், பட்டியலின் எழுபத்து மூன்றாவது வரியில், மூச்சு ஒரு நொடி மேலே ஏறி நிற்கும்.

எழுபத்து மூன்றாவது வரி, குஸகாபே தோரு. வயது நாற்பத்து ஒன்பது. சரக்கு அனுப்பும் பிரிவு.

அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு. வருடக் கடைசியில் எல்லோரும் எழுதிக் கொடுக்கும் படிவத்தில் அவர் கையெழுத்து இடப்பக்கம் சாயும். நிலநடுக்கக் காப்பீடு எடுத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் மனைவியின் பெயர்மேல் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயர் பொறித்த சின்ன முத்திரையைக் குத்தியிருந்தார். இறந்திருந்தால் ஆலை கொடுக்கும் துக்கத் தொகை ஃபுமியேயின் கை வழியாகத்தான் போயிருக்கும். போகவில்லை. ஆக, பிரிந்துவிட்டார்கள். அந்த வருடம் ஆயுள் காப்பீட்டுத் தாளில் பணம் பெறுபவர் இடத்தில் தம்பி பெயர் வந்தது.

நேரில் பேசியது? அவர் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் ஒரே வாக்கியம்தான், பல தடவை. "குஸகாபே சான், இங்க முத்திரை விட்டுப்போச்சு." அவர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஒரு ஊது ஊதிக் குத்துவார். "மன்னிக்கணும்." போய்விடுவார். அவ்வளவுதான்.

இந்த வருடம் எழுபத்து மூன்றாவது வரியில் தொகை தப்பாக இருந்தது.

நாற்பத்து மூவாயிரம் யென் கூடுதல்.* ஊர் வரி பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஆலைக்கு வெளியே, வருடத்துக்கு நான்கு லட்சத்து முப்பதாயிரம் யென்னுக்கு அவருக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்தது. தனக்குத் தெரியாமலா?

* அவருக்கு என்ன தொகை வர வேண்டும் என்று அவள் எதையும் பார்க்காமலே சொல்வாள். மற்ற நூற்றுப் பதினோரு பேருக்குக் கணினியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். காதலுக்கு வேறு என்ன அத்தாட்சி கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

3

இங்கே நிறுத்திக்கொண்டு ஒன்று கேட்டுவிடுகிறேன். ஃபுமியேயை நீங்கள் நம்புகிறீர்களா?

எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒருவர் எழுதிக் கொடுத்த தாள்களை வைத்து அவரோடு பதினோரு வருடம் மனசுக்குள் குடித்தனம் நடத்துவது அன்பா, வேவா? அவர் கொடுத்தது ஆலைக்கு, இவளுக்கு அல்ல. எழுதிக்கொண்டு வரும்போது இரண்டு தடவை அவளைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு, குஸகாபேயின் பக்கமிருந்து சொல்லிப் பார்த்தேன். ஓடவில்லை. அவர் தனியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தாள்களை அவள் ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எவரிடமும் வாய் திறந்ததில்லை. அவர் ஏறும் ட்ராமில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஒரு வண்டி விட்டு அடுத்ததில் போவாள். தெரிந்துகொள்வதை அவளால் நிறுத்த முடியாது, அது வேலை. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. ஏக்கம் என்ற சொல்லை இந்தக் கதையில் பயன்படுத்தக் கூடாது என்று நினைத்திருந்தேன். பயன்படுத்திவிட்டேன். போகட்டும்.

4

இப்போது வில்லன்.

(இவரை வில்லன் என்று சொல்வது அநியாயம். நுகுய் சான் பொது நிர்வாக மேலாளர். வயிற்றுப் புண். மகளுக்குப் பரீட்சை. விதி என்று எழுதியிருந்தால் அதை நடத்தியாக வேண்டும் என்று நம்புகிற மனிதர். ஆனால் தொடர்கதைக்காரனுக்கு நாலாம் அத்தியாயத்தில் ஒருவர் வேண்டும்.)

"இசொமுரா சான், ஊர் வரி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஏத்திட்டிருக்கேன்."

"சம்பளத்துக்கும் வரிக்கும் பொருந்தாதவங்க பேரை மட்டும் தனியா எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள."

"எதுக்கு?"

"அனுமதி இல்லாம வெளிவேலை பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கில்ல? அட்டை வெட்டற பிரிவு ஆள் கதை மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த ஓர் ஆள் இப்படித்தான் அகப்பட்டார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஃபுகுயி கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தக் கிடங்குக்குத் தனிச் சம்பளப் பிரிவு உண்டு. அங்கே போனவர்களின் தாள்கள் இங்கே வருவதில்லை.

அதுதான் அவளுக்கு உறைத்தது. குஸகாபேக்கு வேறு ஊர், வேறு அறை. அவளுக்கு எழுபத்து மூன்றாவது வரியே இருக்காது.

மதியச் சாப்பாட்டின்போது எதிர் மேஜைச் செட்சுகோ தன் சோற்றுருண்டையின் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டே இவளை நோட்டம் விட்டாள். ஐம்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் யாருக்கு என்ன நோவு என்று மருத்துவருக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள்.

"என்னடி, சோத்தை வெறிச்சுப் பாத்துட்டிருக்கே? உள்ளே இருக்கற ப்ளம் ஊறுகாய் உன்கிட்டே பேசுதா?"

"ஒருத்தர் பேரைக் குடுக்கணும் செட்சுகோ சான்."

"குடு. உன் வேலை அதுதானே."

"குடுக்க மனசில்லை."

செட்சுகோ மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் மென்றாள்.

"அந்த ஊதி ஊதி முத்திரை குத்தற ஆளா?"

ஃபுமியேயின் காது சிவந்தது.

"பதினோரு வருஷமா உன் காது மட்டும்தான்டி பேசுது," என்றாள் செட்சுகோ. "வாயையும் கொஞ்சம் பழக்கு. நகராட்சிக்குப் போன் பண்ணிக் கேளு, சரி பண்ண வழி இருக்கான்னு. அவங்க கடிக்க மாட்டாங்க."

5

நகராட்சி வரிப் பிரிவில் போனை எடுத்தது ஓர் இளம் குரல். ஃபுமியே யார் பெயரையும் சொல்லாமல் கேட்டாள்: ஒருவர் இரண்டாம் பக்கத்தில் குறி போடாமல் விட்டுவிட்டால், இப்போது மாற்ற முடியுமா?

"முடியும். உபரி வருமானத்தோட பங்கை மட்டும் பிரிச்சு அவர் வீட்டுக்கே அனுப்பிடுவோம். கம்பெனிக்குத் திருத்தின தொகை வரும். ஆனா அவரேதான் பேசணும். வியாழக்கிழமை அஞ்சேகாலுக்குள்ள பேசினார்னா வெள்ளிக்கிழமை காலையிலேயே கம்பெனிக்குத் திருத்தம் அனுப்பிடலாம்."

"நான் சொன்னா ஆகாதா?"

"நீங்க அவரோட வீட்டம்மாங்களா?"

(இந்த இடத்தில் நான் மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். ஃபுமியே "ஆமாம்" என்று பொய் சொல்லும் மூன்று பக்கம். அருமையான மூன்று பக்கம். வாரப் பத்திரிகைக்காரர்கள் கொத்திக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் என்னால் அவளை அந்தச் சொல்லைச் சொல்ல வைக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பேனாவுக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள்.)

"இல்லை," என்றாள் ஃபுமியே. "சம்பளப் பிரிவு."

போனை வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது. வீட்டம்மாங்களா என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இருந்த பாரத்தோடு இனி அது வேறு.

6

குஸகாபேயின் வெளிவேலை என்ன? இதற்கும் நான் பல வரைவு போட்டேன். கடத்தல் என்று முதலில். வருடத்துக்கு நான்கு லட்சத்துச் சொச்சத்துக்கு எவனும் கடத்த மாட்டான். அடுத்து, சூதாட்டம். சூதாடி ஜெயித்ததற்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒன்று தோன்றியது. அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

வியாழக்கிழமை. மழை. நான்கு ஐம்பத்தைந்துக்கு ஃபுமியே குடை இல்லாமல் முற்றத்தைக் கடந்து சரக்குக் கொட்டகைக்குப் போனாள். மடித்த அட்டைகளின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு மேஜை, சுவரில் ஒரு போன். குஸகாபே பட்டியலில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். உடனே கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"முத்திரை விட்டுப்போச்சா? மன்னிக்கணும்."

"இல்லை குஸகாபே சான். இன்னிக்கு முத்திரை இல்லை."

கை பையிலேயே நின்றது. முத்திரை இல்லாமல் இந்தப் பெண் ஏன் இங்கே வந்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஃபுமியே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை நீட்டினாள். நகராட்சி எண். உள் எண். அடியில், ஐந்தேகால்.

"இந்த நம்பருக்கு நீங்களே பேசணும். இரண்டாம் பக்கத்து வட்டத்தை விட்டுட்டீங்க. நாளைக்கு மதியம் நுகுய் சானுக்கு நான் பட்டியல் குடுக்கணும். இப்போ பேசிட்டீங்கன்னா உங்க பேர் அதுல வராது. பேசலைன்னா ஃபுகுயி."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பதினோரு வருடத்தில் அவரிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு.

அவர் தாளைப் பார்த்தார். "தெரிஞ்சுபோச்சா."

"தொகையைப் பாத்த உடனே."

"நூறு பேருக்கு மேல இருக்காங்க. உடனேயா?"

பதிலை அவள் காது சொன்னது.

"என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையே," என்றார்.

"கேக்கக் கூடாது."

"போன்ல பேசறேன். சனி, ஞாயிறு. பேச ஆளில்லாதவங்க ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுவாங்க. அவங்க எனக்குத் தொடர்பு குடுப்பாங்க. பேசறதுன்னா, பெரும்பாலும் கேக்கறது. ஒரு பெரியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சூப்புக்குப் போடற கடற்பாசி எவ்வளவு நேரம் ஊறணும்னு கேப்பார். என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். ஒரு பொண்ணு தன் முயலைப் பத்தி மட்டும் பேசும்."

"நீங்களா? நீங்க பேசுவீங்களா?"

"காசு குடுத்தா பேசுவேன்."

ஃபுமியே சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பை அவர் இதுவரை கேட்டதில்லை. பட்டியலைக் கீழே வைத்தார்.

(வாரப் பத்திரிகை என் காதில் கத்துகிறது: முயலைப் பற்றிப் பேசும் பெண் ஃபுமியேதான் என்று வை! வைக்க மாட்டேன். அவளிடம் முயல் இல்லை. முன்பின் தெரியாத எண்ணுக்குப் போன் செய்து அழத் தெரிந்திருந்தால் அவளுக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்காது.)

"நிமிஷத்துக்கு எவ்வளவு?"

"என் கைக்கு நாப்பத்தஞ்சு யென்."

சம்பளப் பிரிவு மூளை தானாகவே வகுத்துவிட்டது. ஒன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து நிமிடம். ஒரே வருடத்தில், முகம் தெரியாதவர்களுக்கு. தனக்கு அவர் கொடுத்ததை எல்லாம் கூட்டினால், முத்திரை ஊதும் நேரத்தையும் சேர்த்து, இருபது நிமிடம் தேறுமா? அந்த முயலின் மேல் அவளுக்கு வந்த பொறாமையை நான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

"அப்படின்னா எனக்கு இதுவரைக்கும் முந்நூத்தி அறுபது யென் ஆயிருக்கும்," என்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மூன்று.

"உங்ககிட்டே வாங்க மாட்டேன்."

"வாங்கினா அதுக்கும் கணக்குக் காட்டணும்."

"காட்டுவேன். எல்லாத்தையும் காட்டித்தான் பழக்கம்."

இருவரும் மழையைப் பார்த்தார்கள். பிறகு, கேட்கலாம் என்று அவள் நினைத்தே இராத ஒரு கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவ்வளவு ஒழுங்கா எழுதறவர் அந்த வட்டத்தை மட்டும் எப்படி மறந்தீங்க?"

குஸகாபே ஒட்டுத்தாளை இரண்டாக மடித்தார். மறுபடி விரித்தார்.

"மூணு வருஷமா இந்த வேலை பாக்கறேன். போன வருஷம் குறி போட்டேன். அதுக்கு முந்தின வருஷமும் போட்டேன்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் பேனாவை அங்க வரைக்கும் கொண்டுபோனேன். அந்தத் தாளெல்லாம் எங்க வந்து சேரும்னு யோசிச்சேன். யார் பிரிப்பாங்கன்னு—"

வெளியே லாரி ஹார்ன் அடித்தது. அவர் திரும்பி, சுவரிலிருந்த போனை எடுத்தார்.

7

இங்கே என்னிடம் இரண்டு முடிவு இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தாகிவிட்டது.

முதல் முடிவில் அவர் பேசுகிறார். திருத்தம் வருகிறது. எழுபத்து மூன்றாவது வரியில் பழைய தொகை. நுகுய் சான் பட்டியலை வாங்கிப் பார்த்து, "இந்த வருஷம் யாருமில்லையா? நல்லது," என்று மாத்திரையை விழுங்குகிறார். குஸகாபே ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்து கொடுக்கிறார். "ரொம்ப உதவி பண்ணினீங்க இசொமுரா சான்." அவர் இங்கேயே இருப்பார். நாளைக்கும் ஊதி ஊதி முத்திரை குத்துவார். தாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு கூடுதல் தொகையை அவளே அழித்துவிட்டாள்.

இரண்டாவது முடிவில் அவர் போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கிறார். அதை முடிக்க ஐந்தேகால் போதாது. ஃபுகுயி வந்துவிடுகிறது. ஆனால் ஃபுகுயியிலும் போன் இருக்கிறது. சனிக்கிழமையும் இருக்கிறது.

தொடர்கதைக்காரனாக இருந்த வரைக்கும் எனக்கு எது சரியான முடிவு என்று எப்போதும் தெரிந்திருந்தது. இந்தத் தடவை தெரியவில்லை. அவர் யோசித்தது என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்லிவிடலாம், என் கதைதானே. ஆனால் நான் சொன்னால் அது என் வாயிலிருந்து வந்ததாகிவிடும். அவள் பதினோரு வருடம் காத்திருந்தது என் வாய்க்காக அல்ல.

ஆகவே அவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறேன். குஸகாபேயின் காதில் போன். மறுமுனையில் இரண்டு தடவை மணி அடித்து, அதே இளம் குரல்: "வரிப் பிரிவு. சொல்லுங்க." அவர் கண் ஃபுமியேயின் மேல். அவள் ஈரத் தலையோடு, போ என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் நிற்கிறாள். அவர் வாய் திறக்கிறது. வரப்போவது ஒரு பெயர். "குஸகாபேன்னு பேர்," என்றால் அது போனுக்கு. "ஃபுமியே சான்" என்றால் அது இதுவரை அவர் ஒருமுறைகூடச் சொல்லாத பெயர்.

வாசகரே, கடிகாரத்தில் ஐந்து எட்டு. ஏழு நிமிடம் இருக்கிறது. அதை உங்களிடம் கொடுத்துவிட்டேன்.